கேளாமல் கிடைத்த அறிவு

காய்ச்சலுக்காகவோ அறுவைச் சிகிச்சைக்கு முன்னரோ எடுக்கப்படும் சாதாரண இரத்தப் பரிசோதனையின் தாளில், வெள்ளணுக்களின் வகைகளைக் கூறும் வரிசையில் ஈசினோபில் என்றொரு பெயர் உண்டு. 1879-இல் பால் எர்லிக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் சாயமேற்றி அடையாளம் கண்ட அணு அது. நம்மில் பெரும்பாலோர் அவ்வரியைப் படிப்பதில்லை.

ஆஸ்துமா உள்ளவர்க்கோ அவ்வரி இன்னொன்றையும் சொல்கிறது. பிரித்தானியாவில் ஏறத்தாழ 1,30,000 ஆஸ்துமா நோயாளரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2015-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரு மைக்ரோ லிட்டர் இரத்தத்தில் இவ்வணுக்கள் 400-க்கு மேல் இருந்தவர்களுக்கு, அடுத்து வந்த ஆண்டில் கடும் மூச்சுத்திணறல் கூடுதலாக ஏற்பட்டது என்பது அதன் முடிவு. வேறு காரணத்திற்காக எடுத்த இரத்தம், வரக்கூடிய துன்பத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அவ்வாறு கேளாமலே கைக்கு வந்த அறிவுக்கு நாம் பொறுப்பாளிகளா?

அந்த எண்ணைத் தலைவிதியாகக் கொள்ளுதல் தவறு. கூட்டத்தைப் பற்றிய கணக்கு அது. தனியொருவரைப் பற்றி உறுதி கூறுவதன்று. இரவில் ஏறுகிறது, பகலில் இறங்குகிறது. ஸ்டீராய்டு மாத்திரை உண்டவர்க்கு விரைவில் குறைகிறது. ஆதலால் கடும் இழுப்புக்குச் சிகிச்சை பெற்ற சில நாட்களில் எடுத்த தாள் பொய்யான ஆறுதலைத் தரக்கூடும். நம் நாட்டில் குடற்புழுவும் அதை உயர்த்தும். 'ஈஸ்னோபீலியா' என நம் ஊர்களில் வழங்கும் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறே உண்டு: இந்தியாவில் கண்ட நோயாளரை வைத்து வைன்கார்ட்டன் 1943-இல் விவரித்த வெப்பமண்டல நுரையீரல் நோய்க்கு யானைக்கால் புழுவே காரணம் என்று பின்னர் தெரியவந்தது. எண் உயர்ந்திருக்கிறது என்பதற்காகவே பிள்ளையை விளையாட விடாமல் வீட்டுக்குள் அடைத்து வைக்கும் பெற்றோரை நாம் கண்டதில்லையா?

ஆயினும், ஐயத்துக்கு இடமிருப்பதால் வாளாவிருக்கலாம் என்று வாதிடுவது நேர்மையன்று. இந்நோய்க்கு வருமுன் காக்கும் மருந்து இருக்கிறது. இழுப்பு இல்லாத நாளிலும் தவறாது எடுக்கவேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலர் அது. மூச்சு முட்டும்போது மட்டும் நீல இன்ஹேலரைத் தேடி, மற்ற நாட்களில் நோயையே மறந்துவிடுவோர்தாம் மிகுதி. தடுக்கும் வழியொன்று இருக்கும் இடத்தில், அறிந்தும் சொல்லாதிருப்பதை மனச்சான்று எளிதில் மன்னிப்பதில்லை.

சொல்லிவிட்டால் கடமை தீர்ந்ததா? பிரித்தானியாவில் ஆஸ்துமாவால் நேர்ந்த 195 மரணங்களை ஆராய்ந்த 2014-ஆம் ஆண்டின் அறிக்கையின்படி, இறந்தோரில் ஏறத்தாழ பாதிப்பேர் அவசர மருத்துவ உதவியை நாடாமலோ, அது கிடைப்பதற்கு முன்னரோ மாண்டனர். அத்தனை வசதியுள்ள நாட்டிலேயே இந்நிலை! இங்கோ, மாத இறுதியில் இன்ஹேலர் வாங்கப் பணமில்லாத கூலித் தொழிலாளியிடம் "உமக்கு ஆபத்து அதிகம்" என்று எண்ணைக் காட்டி அனுப்பினால், அவர் வீட்டுக்குக் கொண்டு செல்வது அச்சம் ஒன்றைத்தான். எச்சரிப்பவர் மருந்துக்கும் வழிகாட்ட வேண்டும் என்பது நம் கருத்து. கடினமான கருத்துதான், மருத்துவர் ஒருவர் மீதே அதைச் சுமத்த இயலாது.

பரிசோதனைக் கூடத்தில் தாளை மடித்துக் கொடுப்பவர், இல்லத்தில் அதை வாங்கி அலமாரியில் வைப்பவர், பங்குகளில் மருத்துவ முகாம் நடத்துவோர் எனப் பலரின் கைகளைக் கடந்தே அது செல்கிறது. "உங்களுக்கு இழுப்பு உண்டா? மருந்து கையில் இருக்கிறதா? அதை எப்படி உறிஞ்சுகிறீர்கள், காட்டுங்கள்" என்று இவர்களில் ஒருவரேனும் கேட்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?