மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள்

ஒரு எண் தருகிறேன், மிரளாமல் பாருங்கள்: 14,75,73,95,25,89,67,64,12,927. மொத்தம் 21 இலக்கம். 67 இரண்டுகளை வரிசையாகப் போட்டுப் பெருக்கி, வருவதில் ஒன்றைக் கழித்தால் இது கிடைக்கும்.

இது ஒரு பகா எண், அதாவது ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது என்று 1644-ல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி எழுதிவைத்தார். 1876-ல் லூக்கா என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர், 'இல்லை, வகுபடும்' என்று நிரூபித்தார். எதனால் வகுபடும் என்று கேட்டால் அவருக்கே தெரியாது! வகுத்துப் பார்க்காமலேயே உண்மையைச் சொல்லிவிடும் ஒரு சோதனை அவர் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

"அதெப்படி சார், எங்கேன்னு தெரியாம தப்புன்னு சொல்றது?" என்கிறீர்களா? நாம் தினமும் செய்வதுதான்.

பல வருடங்களுக்கு முன் நான் கணக்கெழுதிய ஓர் இடத்தில், ஒருநாள் மாலை கல்லாவில் 900 ரூபாய் குறைந்தது. தப்பு நடந்தது நிச்சயம். எங்கே என்று தெரியாது. கல்லாவில் உட்கார்ந்திருந்த பையனை எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தோம். யாரும் எதுவும் சொல்லவில்லை. நாலாம் நாள் அவனே நின்றுவிட்டான். அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது: வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்பது கணக்குப்பிள்ளைகளின் பாலபாடம். தேடினேன். 4,510 ரூபாய் ரசீதை 5,410 என்று எழுதியிருந்தது. கையெழுத்து என்னுடையது.

1903 அக்டோபரில் நியூயார்க்கில், அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் ஒரு வார்த்தை பேசாமல் கரும்பலகைக்குப் போனாராம். ஒரு பக்கம் அந்த 21 இலக்க எண்ணை வரவழைத்தார். இன்னொரு பக்கம் 19,37,07,721-ஐ 7,61,83,82,57,287-ஆல் பெருக்கினார். இரண்டு விடையும் ஒன்று! கைதட்டல். இதற்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று பிற்பாடு கேட்டதற்கு, 'மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள்' என்றாராம்.

இன்றைய கம்ப்யூட்டருக்கு இது கண் சிமிட்டும் நேர வேலை. இருக்கட்டும். தப்பு என்பது ஏற்கெனவே நிரூபணமான விஷயம். அது எங்கே என்று தேட மனுஷன் இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தாரே, அதைச் சொல்கிறேன்.

ஓர் எண்ணுக்கு அவர் காட்டிய பொறுமையில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையை அந்தப் பையனுக்காக நான் செலவழித்திருக்கலாம். நீங்களும் இந்த வாரம் யாரையாவது 'ஆள் சரியில்லை' என்று முடிவு கட்டியிருந்தால், எந்த ரசீதில் என்று ஒரு தடவை தேடிப் பாருங்களேன். கையெழுத்து யாருடையது என்பதையும் சேர்த்து.