அலிபிரியில் ஓர் அடைக்கலம்

அலிபிரியில் திருமலைப் படிகள் தொடங்குமிடத்தில் உள்ளது பாதால மண்டபம். தெலுங்கில் பாதாலு என்றால் பாதங்கள். பெருமாளின் பாதுகைகளைத் தலையில் தாங்கி வலம் வந்த பின்னரே பலர் முதற்படியில் கால் வைக்கின்றனர். இம்மலையடியில்தான் ஸ்ரீ ராமானுஜர் தம் மாமனாகிய பெரிய திருமலை நம்பியிடம் ஓராண்டுக் காலம் ஸ்ரீமத் ராமாயணப் பொருளைக் கேட்டார் என்பது வைணவ மரபு. சரணாகதி சாஸ்திரம் என்று பெரியோர் போற்றும் நூலைக் கேட்பதற்கு இதனினும் தக்க இடம் ஏது?

அவ்வூரைச் சேர்ந்த ஓர் அம்மையார் சத்சங்கம் முடிந்ததும் தம் மாமியாருடன் வந்து ஓர் ஐயம் கேட்டார். அலிபிரியில் கடைகளின் பின்புறம் நிறைசூலியாகிய தெருநாய் ஒன்று பதுங்கிக் கிடந்ததாம். எவரேனும் கையை உயர்த்தினாலே நடுங்கியதாம். பிரசவம் வரையிலாவது காப்போம் என்று இவர் வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறார். "ஒரு வாரம் ஆயிற்று, சுவாமி. துவைக்கும் கல்லுக்குப் பின்னாலேயே கிடக்கிறது. நான் இருந்தால் உண்பதில்லை. நான் என்ன குறை வைத்தேன்? வீட்டில் குட்டி போட்டால் தீட்டு என்று அத்தை வேறு வருந்துகிறார்கள்."

கேள்விகள் இரண்டு. முதலாவதற்கு விடை ராமாயணத்திலேயே உள்ளது. விபீஷணன் கடற்கரைக்கு வந்தபோது, அவனை நம்பலாகாது என்றான் சுக்ரீவன். ஸ்ரீராமனோ, தன் துணையைப் பிடித்த வேடனுக்கே தன் உடலை உணவாக அளித்த புறாவை எடுத்துக்காட்டி, சரண் என்று வந்தவனுக்கு அபயம் அளிப்பது தன் விரதம் என்றான். ஆனால் விபீஷணன் வாய் திறந்து கேட்டான். இந்த ஜீவனுக்கோ கேட்கவும் அச்சம். உயர்ந்த கை அடிக்கும் என்பதே அது இதுவரை கற்ற பாடமாக இருக்கலாம். கேட்டவனுக்கு அபயம் தந்தால் நன்றியாவது கிடைக்கும். இங்கே அதுவும் இல்லை. ஆகவே, அம்மா, உணவை வைத்துவிட்டு அகன்று விடுங்கள். நாள்தோறும் அதே நேரம், அதே இடம். கண்ணோடு கண் நோக்காமல், சற்றுத் தள்ளி, பக்கவாட்டில் அமர்ந்து உங்கள் நாமஜபத்தைச் செய்யுங்கள். அது வரும்போது வரட்டும்.

நாயின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 63 நாட்கள். காலம் நெருங்கியதும் இருண்ட மூலை தேடி மண்ணைப் பறிக்கும். அங்கே பழைய பருத்தித் துணி விரித்து வையுங்கள். குட்டிகள் கண்ணும் செவியும் திறவாமலே பிறக்கும். கண் திறக்க இரு வாரங்கள் ஆகும். அதுவரை தாயின் சூடே அவற்றுக்கு உயிர். தெருப்பிள்ளைகள் கூடி வேடிக்கை பார்க்க வேண்டாம். கடும் வலி அரைமணி நேரம் நீடித்தும் குட்டி வெளிவராவிட்டால் கால்நடை மருத்துவரை அழையுங்கள். பகவான் பார்த்துக்கொள்வார் என்று அப்போது வாளாவிருப்பது பக்தியன்று.

இனித் தீட்டு. திருவண்ணாமலையில் பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி 1916 முதல் 1922 வரை ஸ்கந்தாசிரமத்தில் வாழ்ந்தார். அங்கே கமலா என்னும் பெண்நாய் வந்து சேர்ந்தது. ஆண்டுதோறும் குட்டி போடுமே என்று அஞ்சிய தொண்டர்கள் விரட்டிப் பார்த்தனர். அது போகவில்லை. பின்னர் அது முதன்முறை ஈன்றபோது நடந்ததைக் கேளுங்கள். நீராட்டி, மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் இட்டு, ஆசிரமத்திலேயே தூய்மையான இடம் ஒதுக்கினார்கள். பத்து நாட்கள் குட்டிகளுடன் அங்கே இருந்தது. பத்தாம் நாள் முறைப்படி புண்ணியாகம், விருந்து! தீட்டு உண்டு, ஆகவே வெளியே போ என்று அங்கே எவரும் சொல்லவில்லை. ஒரு தாய்க்குரிய தீட்டையும் அதன் நிவிருத்தியையும் மரியாதையோடு அளித்தார்கள். மகரிஷி விலங்குகளை அஃறிணையில் குறிப்பதில்லை. அவன், அவள் என்றே சொல்வார். இதுவரை 'அது' என்றே பேசிவந்த எனக்கு இதைச் சொல்லும்போதுதான் உறைத்தது. கமலா ஈன்றாள், கமலா இருந்தாள்.

தருமபுத்திரர் நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்ததை அனைவரும் அறிவோம். மகாபாரதத்தின் தொடக்கத்திலும் ஒரு நாய் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஜனமேஜயன் வேள்வி செய்த இடத்துக்கு ஸரமையின் குட்டி வந்தது. அவிசை நக்கவில்லை, ஏறிட்டுப் பார்க்கவும் இல்லை. ஆயினும் அரசனின் தம்பியர் அடித்துத் துரத்தினர். தாய் வந்து, என் மகன் செய்த பிழை என்ன என்று நியாயம் கேட்டாள். அவர்களிடம் விடை இல்லை. எதிர்பாராத அச்சம் உங்களை வந்தடையும் என்று அவள் சபித்தாள். பெருவேந்தன் அன்று முதல் கலங்கினான். உலகத்தார்க்கு அச்சம் தந்தவனிடம் அச்சமே திரும்பி வருகிறது.

ஒன்று மட்டும் அழுத்திச் சொன்னேன். சோறிடுவதோடு கடமை தீராது. குட்டிகள் பால் மறந்தபின் தாய்க்குக் கருத்தடை செய்வியுங்கள். அனைத்துக்கும் வெறிநோய்த் தடுப்பூசி அவசியம். அந்நோய் முற்றினால் மனிதனும் பிழைப்பது அரிது. அஞ்சிய நாய் கடிக்கவும் கூடும். கடித்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனை செல்லுங்கள்.

இவ்வளவு நேரமும் மௌனமாக இருந்த மாமியார் எழுந்தார். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "சுவாமி, அந்தப் பத்து நாள் என்பது பிரசவித்த நாளையும் சேர்த்தா?" என்று கேட்டார்.

சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.