ஊதிப் பார்க்காதீர்கள்

பெர்லினின் நோய்மன் நிறுவனம் 1949இல் கொண்டுவந்த யூ 47 ஒலிவாங்கிக்கு இன்று பல லட்சம் விலை. அதன் உயிரான வி.எஃப். 14 வால்வைச் செய்வதை டெலிஃபுங்கன் நிறுத்தியது ஒரு காரணம். அந்தக் காலத்துக் குரலின் மேல் ஒலிப்பதிவுக்காரர்களுக்குள்ள மயக்கம் இன்னொன்று. ஆகவே பழைய ஒலிவாங்கியைச் சல்லிசாகப் பிடிப்பது பலருக்கு ஒரு வேட்டை. விலை தெரியாதவர் கையில் அது இருந்தால்தான் வேட்டை பலிக்கும். அப்படி வாங்குவது அறமா?

இலங்கை மலையகத்தை வைத்தே யோசிப்போம். தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்காக, தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகக் காசு சேர்த்து வாங்கிய நாடா ஒலிவாங்கி ஒன்று, ஹட்டனில் பழைய சாமான் கடைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வேலை செய்கிறது என்று காட்டக் கடைக்காரர் அதை வாயருகே கொண்டுபோய் ஊதப் போகிறார். உள்ளே இருப்பதோ தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய அலுமினிய நாடா. பலமாக ஊதினால் தளர்ந்துவிடும், கிழியவும் கூடும். வாங்க வந்தவர் பதறுகிறார்: "ஐயோ, ஊதாதீங்க!" பொருளுக்காகத் திறந்த அந்த வாய், விலை பேசும்போது மட்டும் மூடிக்கொள்கிறது. தெரிந்ததைச் சொல்லும் கடமை தனக்கில்லை என்று அவர் இனிமேல் வாதாட முடியாது, பாதியைச் சொல்லிவிட்டார். சொல்லாத பாதிதான் அவருடைய லாபம்.

பல வருடம் படித்துத் தேடிய அறிவுக்குக் கூலி வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயம்தான். அவர் வராவிட்டால் அது பழைய இரும்போடு இரும்பாகப் போயிருக்கும் என்பதும் உண்மை. ஆனால் கூலி என்பது ஒரு பங்கு. முழு விளைச்சலும் கூலியாகாது. விற்றவர் மனமொப்பித்தானே கொடுத்தார் என்ற வாதம் இதைவிடப் பலவீனமானது. சந்தைக்கு வரும் வணிகக் கூட்டத்தை வழியிலேயே மறித்து வாங்கக் கூடாது என்று நபிகள் தடுத்தார். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்தபின் பேரத்தை முறிக்கலாம் என்றும் உரிமை கொடுத்தார். வழியில் விற்றவரும் மனமொப்பித்தான் விற்றார். அந்த ஒப்புதல் அறியாமையில் பிறந்தது என்பதால்தான் அதை மாற்றிக்கொள்ள இடம் கிடைத்தது.

பேரத்தை முறிக்கத் திரும்பிவர இடமில்லாதவரிடம் இந்த அநியாயம் இன்னும் உறைக்கும். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்தது. தலைமன்னார் கப்பலுக்கு நாள் குறிக்கப்பட்ட குடும்பம், பெட்டியில் அடங்காத ரேடியோவையும் அண்டாவையும் என்ன விலைக்குக் கொடுத்திருக்கும்? விலை தெரிந்திருந்தாலும் நின்று பேரம் பேச அவர்களுக்கு நாளில்லை. அங்கே வாங்கியவர் எதையும் மறைக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை. ஆனாலும் அந்த மலிவை அவருடைய சாமர்த்தியம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அதற்காக வாரச் சந்தையில் தக்காளி வாங்குகிறவர் விலைப் பாடம் நடத்த வேண்டியதில்லை. அங்கே இரு தரப்புக்கும் விலை தெரியும். கொழும்பில் 1883 முதல் நடக்கும் தேயிலை ஏலமும் அப்படித்தான்: விற்பவரின் தரகரும் சுவைத்துப் பார்க்கிறார், வாங்குபவரும் அதே தேயிலையைச் சுவைத்துப் பார்க்கிறார், பிறகுதான் விலை. கொழுந்துக்குக் கிடைக்கும் அந்த மரியாதை, கொழுந்து பறித்த காசில் வாங்கிய ஒலிவாங்கிக்குக் கிடைப்பதில்லை.