கணக்குச் சரியாக இருந்தால் வியாபாரம் ஹலாலாகிவிடுமா?



வட்டி ஹராம் என்பது மதரஸா பிள்ளைக்கும் தெரியும். இன்றோ வட்டி மட்டுமல்ல, வட்டி விகிதம் நாளை ஏறுமா இறங்குமா என்பதும் ஒப்பந்தமாக விற்கப்படுகிறது. அமெரிக்காவில் விக்ஸ் என்றொரு குறியீடு உண்டு. அடுத்த 30 நாட்களில் பங்குச் சந்தை எவ்வளவு ஆட்டம் காணும் என்ற எதிர்பார்ப்பை அளக்கும் எண் அது. அந்த எண்ணின் மீதே ஃபியூச்சரும் ஆப்ஷனும் நடக்கின்றன. ஒப்படைக்கச் சரக்கே இல்லை; பணம்தான் கைமாறும்.

இத்துறை படித்த இளைஞர்கள் கேட்பார்கள்: "ஹஜ்ரத், தடுக்கப்பட்டது 'கரர்', அதாவது நிச்சயமற்ற வியாபாரம். 1973-ல் வந்த பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்திலிருந்து எத்தனையோ கணித மாதிரிகள் இருக்கின்றன. விலையைக் கணக்கிட்டுத்தானே விற்கிறோம்?"

நல்ல கேள்வி. பகடையைப் பாருங்கள். ஆறு விழ ஆறில் ஒரு வாய்ப்பு. இதைவிடத் துல்லியமான கணக்கு கிடையாது. அதனால் சூது ஹலாலாகிவிட்டதா? பந்தயத்துக்கு எவ்வளவு கேட்கலாம் என்பதைத்தான் கணக்கு சொல்கிறது. விற்பது என்ன என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. 1992-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி ஆப்ஷன் கூடாது என்றதற்குச் சொன்ன காரணமும் இதுவே: அங்கே விற்கப்படுவது பொருளும் அல்ல, பயன்பாடும் அல்ல, கைமாற்றத்தக்க நிதி உரிமையும் அல்ல.

பகடைக்காவது ஆறு பக்கம் நிச்சயம். வட்டி விகிதம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாது என்று பல மாதிரிகள் எடுத்துக்கொண்டிருந்தன. 2014 ஜூனில் ஐரோப்பிய மத்திய வங்கி தன் வைப்பு விகிதத்தை மைனஸ் 0.10 சதவீதமாக்கியது. விகிதங்கள் மைனஸில் இறங்கியதும் அந்தச் சூத்திரங்கள் விடை தராமல் நின்றன. விகிதத்தோடு ஒரு எண்ணைக் கூட்டி ஒட்டுப்போட்டார்கள். 2018 பிப்ரவரி 5 அன்று விக்ஸ் ஒரே நாளில் சுமார் 17-லிருந்து 37-க்குப் பாய்ந்தது. சந்தை அமைதியாக இருந்தால் லாபம் தரும் எக்ஸ்ஐவி என்ற பத்திரம் அன்று ஒரே இரவில் தன் மதிப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் இழந்தது.

விலை ஏற்ற இறக்கத்திலிருந்து பாதுகாப்புத் தேடுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. விளைச்சலுக்கு முன்பே முழு விலையைக் கொடுத்துவிடும் ஸலம் வியாபாரத்தை, அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். மலேசிய ஷரீஆ ஆலோசனைக் குழு பாமாயில் ஃபியூச்சரை அனுமதித்திருக்கிறது. அதில் எல்லோரும் உடன்படவில்லை. ஆனாலும் அடியில் எண்ணெய் என்ற பொருள் இருக்கிறது. வட்டி விகித ஒப்பந்தத்தின் அடியில் இருப்பதோ வட்டி.

வட்டியை வாங்குபவர், கொடுப்பவரோடு அதை எழுதுபவரையும் இரு சாட்சிகளையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. வட்டி ஒப்பந்தத்துக்கு விலை போடும் மென்பொருளை எழுதுபவர் இதில் சேர்வாரா? நாள் முழுக்க அதுவே வேலை என்றால் சேர்வார் என்றே அஞ்சுகிறேன். வங்கியின் நஷ்ட அபாயத்தை மட்டும் அளப்பவரின் நிலை வேறாக இருக்கலாம். ஆகவே பதவியின் பெயரை மட்டும் சொல்லி ஃபத்வா கேட்காதீர்கள். உங்கள் வேலை எந்த ஒப்பந்தத்துக்கு விலை போடுகிறது, அதை யார் யாருக்கு விற்கிறார்கள் என்பதை எழுதி எடுத்துக்கொண்டு, இந்த வியாபாரம் தெரிந்த ஆலிமிடம் செல்லுங்கள்.