காத்திருக்க வைத்தலின் அறம்

ஹுன்னஸ்கிரியவில் கடல் இல்லை. கண்டியிலிருந்து தெல்தெனியாவைக் கடந்து மகியங்கனைக்குச் செல்லும் வீதியில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலில் அமைந்த அச்சிற்றூரைச் சூழ்ந்திருப்பவை தேயிலையும் மூடுபனியும் மலையோடைகளுமே. அத்தகைய ஓரிடத்தில் ஒருவர் முருகைக்கற்களோடு கூடிய கடல்மீன் தொட்டியொன்றை வைத்துப் பேண விரும்புவாராயின், அத்தொட்டிக்குள் ஓருயிரேனும் தானாக வந்து சேரப்போவதில்லை. மீனும் முருகையும் இறாலும் நத்தையும் மட்டுமன்றி, அவை வாழ்வதற்கான உப்புநீருங்கூட வெளியிலிருந்து வரவேண்டியதே. ஆதலால், புதிதாக வந்த உயிரை என்ன செய்வது என்னும் வினா கடற்கரையில் வாழ்பவனைவிட மலையில் வாழ்பவனுக்கே கூர்மையாக எழுகின்றது.

இவ்வினாவுக்குத் தொட்டி வளர்ப்போர் கண்ட விடை எளியது. புதிதாக வந்த உயிர் எதுவாயினும் அதனை நேரே பெருந்தொட்டியில் விடலாகாது. சிறிய வேறொரு தொட்டியில் நான்கு முதல் ஆறு வாரம் வரை தனிமைப்படுத்தி வைத்து, நோயின்மை தெளிந்த பின்னரே ஏனையவற்றோடு சேர்க்க வேண்டும். நடைமுறை என்ற அளவில் இதனை மறுப்பார் இலர். எனினும், இதனுள்ளே ஓர் அறவினா மறைந்து கிடக்கின்றது. நோய்க்குறி எதனையும் காட்டாத, தவறெதுவும் செய்யாத ஓருயிரைப் பல வாரங்கள் தனியே அடைத்துவைக்கும் உரிமை எங்கிருந்து வருகின்றது? தண்டனைக்குக் குற்றம் வேண்டும். சிகிச்சைக்கு நோய் வேண்டும். தனிமைப்படுத்தலோ இவ்விரண்டும் இல்லாத இடத்திலேயே தொடங்குகின்றது.

விடை காண்பதற்கு நோயின் இயல்பைச் சற்று விரித்து நோக்குதல் வேண்டும். கடல்மீன் தொட்டிகளில் பெரும் அழிவை விளைவிப்பனவற்றுள் ஒன்று வெண்புள்ளி நோய். கிரிப்டோகரியன் இரிற்றன்ஸ் என்னும் ஒருகல ஒட்டுண்ணி மீனின் தோலிலும் செவுளிலும் புதைந்து சில நாள் உண்டு கொழுக்கின்றது. பின்னர் தானாகவே கழன்று கீழே சென்று, மணலிலோ கல்லிலோ நத்தையின் ஓட்டிலோ ஒட்டி, தன்னைச் சுற்றி உறையொன்றை அமைத்துக்கொள்கின்றது. அவ்வுறைக்குள் அது நூற்றுக்கணக்காகப் பிரிகின்றது. உறை வெடித்து வெளிவரும் குஞ்சுகள் ஓரிரு நாளுள் ஒரு மீனைப் பற்றாவிடின் மடிந்துவிடும். உறை வெடிப்பதற்குச் சில நாள் போதும். சில வேளைகளில் வாரக்கணக்காகும். அரிதாக இரண்டு மாதத்தையும் கடக்கும். நீர் குளிர்ந்தால் காலம் மேலும் நீளும் என்பதால், சூடாக்கி பொருத்தாத மலைநாட்டுத் தொட்டியில் இக்கணக்கு இன்னும் கடினமாகும்.

இங்கு மனங்கொள்ளத்தக்கவை இரண்டு. புள்ளிகள் மறைந்த நாளில் மீன் நலமடைந்துவிட்டதென மகிழ்பவன் ஏமாந்துபோகின்றான். ஒட்டுண்ணி அப்போது தரையில் இருந்து பெருகிக்கொண்டிருக்கும். அன்றியும், நோயை ஒருமுறை வென்று ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்ற மீன் வாட்டமேதுமின்றி நீந்திக்கொண்டே செவுளில் அதனைச் சுமந்து திரியலாம். எனவே கண்ணுக்குப் புலனாகும் நலம் சான்றாகாது. ஒட்டுண்ணி தங்கி வாழும் உயிரை இலங்கையின் விஞ்ஞானத் தமிழ் ‘விருந்துவழங்கி’ என்று வழங்குகின்றது. விருந்தோம்பலைத் தலையாய அறங்களுள் ஒன்றாகப் போற்றிய ஒரு மொழி, விருப்பமின்றி உண்ணப்படும் உயிருக்கு அப்பெயரை இட்டது வேடிக்கையே.

வெண்புள்ளிக்குச் செப்பு மருந்தாகும். ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 0.2 மில்லிகிராம் அளவில் அதனைச் சில வாரங்கள் தளராது பேணினால் ஒட்டுண்ணியின் குஞ்சுகள் மடியும். ஆயின், அளவு சிறிது மிகின் மீனுக்கே கேடு; முருகைக்கும் இறாலுக்கும் நத்தைக்கும் அவ்வளவே நஞ்சு. ஓருயிரின் மருந்து இன்னோருயிருக்குச் சாவாக முடியும் ஆதலால், மீனைத் தனித்தொட்டியிலன்றி வேறெங்கும் வைத்து மருத்துவம் செய்ய முடியாது. முருகைக்கு வெண்புள்ளி வராது. எனினும் அது பற்றியிருக்கும் கல்லில் அவ்வுறை ஒட்டியிருக்கலாம். அதன் கிளையடியில் தட்டைப்புழு முட்டையிட்டிருக்கலாம். மருந்துநீரில் தோய்த்தால் புழு விழும், முட்டை விழாது. நத்தையையோ தோய்க்கவும் இயலாது. அவற்றுக்கு மருந்து காலம் ஒன்றே: மீனில்லாத நீரில் காத்திருக்கும் காலம்.

வரும் மீன் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே செப்பு இட வேண்டும் என்போரும், பார்த்திருந்து நோய் தெரிந்தால் மட்டுமே மருந்திட வேண்டும் என்போரும் வளர்ப்போரிடையே உண்டு. முன்னையோர் கூற்றில் வலு இல்லாமலில்லை. எனினும், நோயுற்றதெனத் தெரியாத ஓருயிரின் உடலில் நஞ்சுக்கு அண்மையான ஒன்றைச் செலுத்துதல், அதனைக் காத்திருக்க வைப்பதினும் ஒருபடி கடந்த செயல். காத்திருப்பு அவ்வுயிரிடமிருந்து காலத்தை மட்டுமே எடுக்கின்றது. மருந்து உடலையும் எடுக்கின்றது. பின்னதற்குக் கூடுதலான நியாயம் காட்டப்பட வேண்டும்.

ஆக, தனிமைப்படுத்தலின் நியாயம் வந்தவனின் குற்றத்தில் இல்லை; வைத்திருப்பவனின் அறியாமையிலேயே உள்ளது. மீன் நோயுற்றது என்பதனாலன்று, நோயுற்றதா என்பது தனக்குத் தெரியாது என்பதனாலேயே வளர்ப்பவன் அதனைக் காத்திருக்க வைக்கின்றான். இது சொல் வேறுபாடு போலத் தோன்றினும் விளைவில் பெரிது. குற்றம் வந்தவனுடையதாயின் துன்பமும் அவனுக்கே உரியது என்று வாளாவிருக்கலாம். அறியாமை தன்னுடையதாயின், அதற்கான விலையை இயன்றவரை தானே ஏற்கவேண்டியவன் ஆகின்றான்.

அதிலும் இம்மீன் தானாக வந்த விருந்தன்று. இலங்கையிலிருந்து அலங்காரக் கடல்மீன்கள் ஏற்றுமதியாகத் தொடங்கியது 1930களில். அன்று முதல் வாணிகத்துக்கு உள்ளான மீன்களிற் பெரும்பாலானவை முருகைப் பாறைகளிலிருந்து பிடிக்கப்பட்டு, ஒட்சிசன் நிரப்பிய பொலித்தீன் பையில் அடைக்கப்பட்டுச் சென்றவை. பைக்குள் மீனின் கழிவால் அமோனியா சேர்கின்றது. மூச்சால் சேரும் காபனீரொட்சைட்டு நீரை அமிலத்தன்மையாக்கி அந்த அமோனியாவின் கொடுமையை அடக்கி வைக்கின்றது. பையைத் திறந்ததும் வாயு வெளியேற, அமோனியா நஞ்சாகச் சீறுகின்றது. நீண்ட பயணம் வந்த மீனைப் பழக்குவதாக எண்ணிப் பையைத் திறந்து மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாக நீர் சேர்ப்பவன் அன்பினாலேயே அதனைக் கொல்கின்றான். அத்தகைய மீனுக்குத் தனித்தொட்டி சிறையாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. பெருந்தொட்டியில் முன்பே எல்லை வகுத்து வாழும் மீன்கள் புதியதை விரட்டும், கடிக்கும், உண்ணவிடா. தனித்தொட்டியில் அது அமைதியாக உண்ணப் பழகலாம். ஆனால் அங்கு மணல் இராது, கல்லும் இராது. அவை செப்பை உறிஞ்சிவிடுமாதலால் வெறுந்தரையே வைக்கப்படும். ஒளிந்துகொள்ளக் குழாய்த் துண்டுகள் சிலவற்றை இடுவது பத்து ரூபா பெறாத செயல். அதனைச் செய்தவனையும் செய்யாதவனையும் கொண்டே தனிமைப்படுத்தல் காப்பா சிறையா என்பது தெளிவாகும்.

இவ்வழக்கம் மீனிலே தோன்றியதன்று. இன்று டுப்ரோவ்னிக் எனப்படும் ரகூசா நகரம் 1377இல் கொள்ளைநோய்ப் பகுதிகளிலிருந்து வந்தோரை நகருக்கு வெளியே 30 நாள் நிறுத்திவைக்கச் சட்டம் செய்தது. பின்னர் நாள் நாற்பதாயிற்று. ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் பெயரே நாற்பது என்னும் இத்தாலியச் சொல்லடியாகப் பிறந்தது. ஹுன்னஸ்கிரியவைச் சூழ்ந்த மலைகளுக்கோ இவ்வழக்கம் இன்னும் அண்மையானது. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர்; வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் வழிநெடுக அவர்களைக் கொன்றன. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே இரயிலோடு இணைந்த கப்பற்சேவை தொடங்கிய பின், இந்திய மண்ணிலுள்ள மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமே அவர்களின் வாசலாயிற்று. அங்கு அவர்கள் சில நாள் நிறுத்தப்பட்டனர், அம்மைப்பால் வைக்கப்பட்டது, உடைகள் தொற்றுநீக்கப்பட்டன. மலையகக் குடும்பங்கள் பலவற்றின் நினைவில் ‘மண்டபம் கேம்ப்’ என்னும் சொல் இன்றும் உண்டு.

மனிதரை மீனோடு ஒப்பிடுதல் இழிவாகாதா எனக் கேட்கப்படலாம். இங்கு ஒப்பிடப்படுவோர் காத்திருந்தோர் அல்லர், காத்திருக்க வைத்தோரே. அவர்களும் வந்தோரைத் தாமே கங்காணி வழியாக அழைத்தவர்கள். கொழும்புத் துறையில் கப்பலிறங்கிய துரைமார் மண்டபத்துக் கொட்டகைகளில் இரவு கழித்ததில்லை. நோய் ஆளறிந்து வருவதன்று. தடை மட்டும் ஆளறிந்து இடப்படுமாயின், அங்கு காக்கப்படுவது உடல்நலம் ஒன்று மட்டுமன்று.

இவ்விடத்தில் நல்ல வளர்ப்பாளனிடம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. நோய் பெருந்தொட்டிக்குள்ளேயே இருப்பதாக அறிந்தால் அவன் புதிய மீனைக் குறைகூறிக்கொண்டிருப்பதில்லை. பெருந்தொட்டியின் பழைய மீன்கள் அனைத்தையும் வெளியே எடுத்து மருந்திட்டு, அத்தொட்டியை மீனின்றி வெறுமையாக விட்டுவைக்கின்றான். 76 நாள் என்பது பலரும் கைக்கொள்ளும் கணக்கு. தோட்டங்களின் பெருந்தொட்டி அவ்வாறு சோதிக்கப்பட்டது பிற்பட்டே. றொக்பெல்லர் நிறுவனத்தின் ஆதரவோடு 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்புப் பணி தொடங்கியபோது, பரிசோதிக்கப்பட்டோருள் மிகப்பெரும்பாலோரிடம் அப்புழு காணப்பட்டது. வாசலில் எத்தனை பேருக்கு மருந்து கொடுப்பினும், மலகூடமில்லாத லயன்களின் ஈரமண் அதனை மீண்டும் வெறுங்காலில் ஏற்றிவிடும். கோப்பியை அழித்ததும் தொழிலாளியின் நோயன்று. 1869இல் இத்தீவில் கண்டறியப்பட்ட இலைத்துரு என்னும் பங்கசு. எந்தக் கொட்டகையாலும் அது நிறுத்தப்படவில்லை.

மண்டபக் கரைக்கு வேறொரு செய்தியும் உண்டு. அதன் முன்னே விரிவது மன்னார் வளைகுடாவின் முருகைப் பாறை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கப்பாபைக்கஸ் என்னும் கடற்பாசி அக்கரையில் கராஜீனன் என்னும் பொருளுக்காக மிதவைகளில் வளர்க்கப்பட்டது. குருசடைத் தீவின் உயிர்முருகைகள்மேல் அது படர்ந்து மூடுவதை 2008இல் ஆய்வாளர் வெளியிட்டனர். அதற்கு நோயேதுமில்லை, வளர்ந்தது, அவ்வளவே. எத்தனை வாரம் தனித்தொட்டியில் வைத்திருப்பினும் அது நலமாகவே தோன்றியிருக்கும். காத்திருப்பினால் அறியக்கூடியவை உண்டு, கூடாதவையும் உண்டு. இவ்வெல்லையை ஒப்புக்கொள்ளாதவனிடத்தில் ஐயம் தீருவதேயில்லை. ஐயம் தீராதவனிடத்தில் நாளும் முடிவதில்லை.

நாளுக்கு முடிவுண்டு என்பதே தனிமைப்படுத்தலைத் தாங்கக்கூடியதாக்குகின்றது. வெண்புள்ளியின் வாழ்க்கைவட்டம் எத்தனை நாளோ அத்தனை நாள். அதற்கு மேல் ஒரு நாள் வைப்பினும் வளர்ப்பவன் காரணம் காட்டவேண்டும். மண்டபத்தில் சில நாள் நின்று மலையேறியவர்களின் பிள்ளைகளுள் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மீண்டும் வாசலில் நிறுத்தப்பட்டனர். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. எஞ்சியோருக்கான சட்டங்கள் 1988இலும் 2003இலுமே வந்தன. ஐம்பத்தைந்து ஆண்டு நீளும் வாழ்க்கைவட்டம் கொண்ட ஒட்டுண்ணியை எந்த விலங்கியல் நூலும் கூறவில்லை.

மண்டபத்தில் இன்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் பிராந்திய மையம் இயங்குகின்றது. சற்றுத் தொலைவில் பழைய முகாம் இலங்கை அகதிகளின் முகாமாக இருக்கின்றது. 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது மன்னார்க் கடலைப் படகில் கடந்தோரும் அங்கேயே தங்கவைக்கப்பட்டனர். எத்தனை நாளுக்கு என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை.