நாய் யாருக்கு?

மணமுறிவின்போது வீட்டையும் வங்கிக் கணக்கையும் பிரித்துக் கொடுக்கச் சட்டத்துக்குத் தெரியும். நாய் என்று வந்தால் தடுமாறும். பல நாடுகளின் சட்டத்தில் நாய் இன்னமும் ஒரு பொருள்தான். ரசீது யார் பெயரில் இருக்கிறதோ அவர் கூட்டிக்கொண்டு போகலாம். வேளாவேளைக்குச் சோறு வைத்ததும், உடம்பு முடியாத ராத்திரியில் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடியதும் கணக்கில் வராது. நாயைப் பார்க்க நேரம் ஒதுக்கும் ஒப்பந்தத்தோடு வந்த ஒருவரை 2002-ல் பென்சில்வேனியா நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. மேசைக்கும் விளக்குக்கும் சந்திப்பு நேரம் கேட்பது போல இது என்றது.

2013-ல் நியூயார்க் நீதிபதி மேத்யூ கூப்பர் வேறு வழியில் யோசித்தார். அவர் முன் வந்த மணமுறிவு வழக்கின் நாய் ஜோயி, ஒரு குட்டி டாக்ஸ்ஹண்ட். கல்யாணத்துக்கு முன்பே தம்பதியில் ஒருவர் வாங்கியது. வாங்கியவர் வெளியூர் போயிருந்த சமயத்தில் இன்னொருவர் ஜோயியோடு வீட்டைவிட்டுப் போய்விட்டார். கேட்டபோது, சென்ட்ரல் பார்க்கில் தொலைந்துவிட்டது என்றார். கடைசியில் பார்த்தால் அது மேய்ன் மாநிலத்தில், அவருடைய அம்மா வீட்டில் இருந்தது. யார் வாங்கினார்கள் என்பதோடு கூப்பர் நிற்கவில்லை. தீனி, நடை, மருத்துவம் எல்லாம் யார் பொறுப்பில் இருந்தன? அவ்வளவு பிரியம் என்றால் நாயைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் அம்மா வீட்டில் விட்டது ஏன்? எல்லோருக்கும் எது நல்லது என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்றார். அந்தக் கடைசிக் கேள்வி எந்த ரசீதைவிடவும் கனமானது என்பேன்.

பிறகு சட்டங்களே மாறின. 2017-ல் அலாஸ்கா விலங்கின் நலனையும் பார்க்கச் சொன்னது. 2019 முதல் கலிபோர்னியாவில் பராமரிப்பைக் கருத்தில் கொண்டு தீர்ப்புச் சொல்லலாம். உணவு, தண்ணீர், மருத்துவம், பாதுகாப்பான இருப்பிடம் எல்லாமே அதில் அடக்கம். ஸ்பெயினில் 2022 முதல் விலங்கு உணர்வுள்ள உயிர். யார் பெயரில் இருந்தாலும் நீதிபதி அதை ஒருவரிடமோ இருவரிடமோ ஒப்படைக்கலாம், செலவையும் பங்கிடலாம்.

இருவரிடமும் மாறிமாறி இருப்பது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் கூப்பரே அதற்கு இணங்கவில்லை. ஒருவருக்குத்தான் நாய் என்றார். ஆஸ்திரேலியாவில் 2025 ஜூனில் வந்த சட்டமும் பகிர்ந்து வைத்துக்கொள்ள உத்தரவிட இடம் தரவில்லை. எனக்கு அது சரியாகவே படுகிறது. மனிதர் இருவர் பேசிச் சமாளித்தால் நல்லது. முகம் பார்க்க விரும்பாதவர்களை வாராவாரம் நாயைக் கைமாற்றச் சொன்னால், பழைய சண்டை வாசலில் வந்து நிற்கும்.

ஆஸ்திரேலியச் சட்டம் இன்னொன்றையும் பார்க்கச் சொல்கிறது: குடும்ப வன்முறை நடந்ததா, விலங்கைக் கொடுமைப்படுத்தினார்களா? நாயை விட்டுப் போனால் அதை என்ன செய்வானோ என்ற பயத்திலேயே அடிக்கிற வீட்டில் தங்கிவிடும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த வரி உயிர்ப் பிரச்சினை. ஸ்பெயின் இதில் ஒருபடி மேலே போயிருக்கிறது. துணையை அடக்கிவைக்க விலங்கைத் துன்புறுத்தியதோ மிரட்டியதோ தெரியவந்தால், குழந்தையைக் கூட்டாக வளர்க்கும் உரிமையை மறுக்க அதுவும் ஒரு காரணம்.