கடன் வாங்கிக் கொடுக்கும் கொடை

பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோழ அரியணை ஏறிய முதற் குலோத்துங்கனுக்கு வரலாற்றில் நிலைத்துவிட்ட சிறப்புப் பெயர் ஒன்று உண்டு. 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்பது அப்பெயர். கங்கை கொண்டான், கடாரம் கொண்டான் என்று வென்ற நிலங்களால் பெயர் பெற்ற மன்னன் வீற்றிருந்த அதே அரியணையில், மக்களிடமிருந்து வாங்காமல் விட்ட ஒன்றுக்காகப் பெயர் பெற்றவன் அவன். வாளால் வந்த புகழினும் வரி நீக்கத்தால் வந்த புகழ் மக்கள் நெஞ்சுக்கு நெருக்கமானது போலும்! ஆயினும், சுங்கம் நின்ற பிறகு கருவூலத்தில் விழுந்த பள்ளம் எதைக் கொண்டு நிரப்பப்பட்டது என்னும் வினாவை அந்தப் பெயர் எழுப்புவதில்லை. புகழ்ப்பெயர்கள் கணக்கு ஒப்புவிப்பதில்லை.

வரியைப் பற்றித் தமிழர் சிந்தித்தது மிகப் பழங்காலத்திலேயே தொடங்கிவிட்டது. பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய அறிவுரை புறநானூற்றில் உள்ளது. வயலுக்குள் தானே புகுந்து மேயும் யானையையும், அளவறிந்து கவளம் ஊட்டப்பெறும் யானையையும் ஒப்பிட்டு, இறை வாங்கும் முறையை அவர் மன்னனுக்கு விளக்கினார். வேலேந்தி நிற்கும் கொள்ளையனோடு செங்கோலேந்தி இரக்கும் அரசனை ஒப்பிட்டார் வள்ளுவர். அளவுக்கு மிஞ்சி வாங்கும் அரசனே அந்நூல்களில் குற்றவாளியாக நிற்கின்றான். வரவுக்கு மிஞ்சிச் செலவிடுவோனையும் வலியறிதல் என்னும் அதிகாரம் எச்சரிக்காமல் விடவில்லை. ஆனால், அங்கே கெடுகின்றவன் செலவிட்டவனேயாவான். அவன் வளமே தேய்கின்றது, அவன் வாழ்வே அழிகின்றது. ஒருவன் செலவிட, இன்னும் பிறவாத வேறொருவன் கெடுவான் என்னும் நிலைமையை அவ்வதிகாரம் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ண வேண்டிய தேவையும் அன்று பெரிதாக இருந்திருக்காது. சுங்கத்தைத் தவிர்த்த மன்னன் ஒன்று செலவைச் சுருக்கியாக வேண்டும், அல்லது வேறோரிடத்தில் வரி வாங்கியாக வேண்டும், அல்லது அண்டை நாட்டின்மீது படையெடுத்துப் பொருள் கொணர வேண்டும்.

இக்கால அரசுகளுக்கு இம்மூன்றினும் எளியதொரு வழி வாய்த்திருக்கின்றது. அரசு கடன் பத்திரங்களை வெளியிடுகின்றது. பத்து ஆண்டுகளில் முதிர்வனவும் உண்டு; முப்பது ஆண்டுகளில் முதிர்வனவும் உண்டு. செலவைக் குறைக்காமல் வரியை மட்டும் குறைக்கும் அரசு, உண்மையில் வரியை நீக்குவதில்லை. அதைத் தள்ளி வைக்கின்றது. இன்று பெட்ரோல் நிலையத்தில் நிற்பவனிடம் வாங்காத காசை, வட்டியும் சேர்த்து, நாளை வேறொருவனிடம் வாங்குவதாக அது பத்திரம் எழுதிக் கொடுக்கின்றது. எரிபொருள் வரியைக் குறைப்பது பற்றி உலகெங்கும் நடக்கும் வாதங்களில் பொருளியல் அறிஞர் விலையையும் தேவையையும் பேசுவர். அதனினும் ஆழமான கேள்வி ஒன்று அவற்றின் அடியில் கிடக்கின்றது: கொடுப்பவன் ஒருவனாகவும் பொருளுக்கு உரியவன் மற்றொருவனாகவும் இருந்தால், அதைக் கொடை என்று அழைக்கலாமா?

2008ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த வாதம் இதற்குத் தெளிவான சான்று. அதிபர் தேர்தல் நெருங்கிய வேளை. ஒரு காலன் பெட்ரோலின் விலை 4 டாலரை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. கூட்டரசு வாங்கும் வரி காலனுக்கு 18.4 சென்ட். கோடைக்கால மாதங்களில் அந்த வரியை நிறுத்தி வைக்கலாம் என்று ஏப்ரல் மாதத்தில் ஜான் மெக்கெய்ன் முன்மொழிந்தார். ஹிலரி கிளிண்டனும் வரியை நிறுத்த இசைந்தார். ஆனால் இழப்பை எண்ணெய் நிறுவனங்களின் மிகை இலாபத்தின்மீது வரி விதித்து ஈடு செய்ய வேண்டும் என்றார். பராக் ஒபாமா இரண்டையும் எதிர்த்தார். ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடியது ஏறத்தாழ 30 டாலர்தான், அது பாதித் தொட்டி பெட்ரோலுக்கே சரியாகும் என்பது அவர் வாதம். எட்டாண்டுகளுக்கு முன்னர், 2000ஆம் ஆண்டில், இல்லினாய் மாநில மேலவையில் இருந்தபோது இத்தகைய வரி நிறுத்தத்துக்கு அவரே வாக்களித்திருந்தார். வரி நின்ற அளவுக்கு மக்களுக்குப் பயன் கிட்டவில்லை என்று கண்டதாகப் பின்னர் கூறினார். இருநூறுக்கும் மேற்பட்ட பொருளியல் அறிஞர்கள் வரி நிறுத்தத்தை எதிர்த்துக் கையொப்பமிட்டனர். திட்டம் சட்டமாகவில்லை.

இவ்வாதத்தில் மூவர் நிலைகளையும் அறத்தின் தராசில் நிறுத்துப் பார்ப்பது மாணவர்க்கு நல்ல பயிற்சியாகும். கிளிண்டனின் திட்டம் பொருளியல் நோக்கில் பழிக்கப்பட்டது. ஆனால் ஒரு வகையில் அதுவே நேர்மை மிக்கது. யார் கொடுக்க வேண்டும் என்று அது பெயர் சுட்டிக் கூறியது. மெக்கெய்னின் திட்டத்தில் பெறுபவர் தெளிவாகத் தெரிந்தனர், கொடுப்பவரைக் காணவில்லை. ஒபாமாவின் எதிர்ப்பிலும் ஒரு குறை உண்டு. 30 டாலர் சிறு தொகை என்பது அதை எண்ணாமல் செலவிடக் கூடியவர் பேச்சு. மாதக் கடைசியில் வேலைக்குப் போக எண்ணெய் ஊற்றக் காசில்லாதவனுக்குப் பாதித் தொட்டி என்பது ஒரு வாரக் கூலி வேலை. தொகை சிறிது என்பதை விட, அத்தொகை யாருடையது என்று கேட்டிருந்தால் அவர் வாதம் இன்னும் வலிமை பெற்றிருக்கும்.

அந்தப் பணம் யாருடையது? அமெரிக்காவில் பெட்ரோல் வரியின் பெரும்பகுதி 1956ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நெடுஞ்சாலை நிதிக்குச் செல்கின்றது. சாலையைப் பயன்படுத்துவோரே சாலைக்குக் கொடுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 18.4 சென்ட் என்னும் அளவு 1993ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது, அதன்பின் உயர்த்தப்படவில்லை. தாரின் விலையும் கூலியும் உயர்ந்தன, வரி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. வாதம் ஓய்ந்து சில மாதங்களே கழிந்த நிலையில், 2008 செப்டம்பரில், அந்நிதி வற்றிப் போகும் நிலை வந்தது. நாடாளுமன்றம் பொதுக் கருவூலத்திலிருந்து 8 பில்லியன் டாலரை எடுத்து அதில் ஊற்றியது. பொதுக் கருவூலமோ அப்போதே பெரும் பற்றாக்குறையில் இருந்தது. அதாவது, கடன் வாங்கிச் சாலை செப்பனிடப்பட்டது. அதற்குப் பிந்திய ஆண்டுகளில் இவ்வாறு மாற்றப்பட்ட தொகை 200 பில்லியன் டாலரையும் கடந்துவிட்டது. வரியைக் குறைக்கத் துணியாதவர்கள் அதை உயர்த்தவும் துணியவில்லை என்பதே அக்கதையின் எஞ்சிய பகுதி.

கடன் வாங்குவதே பாவம் என்று கூறிவிட முடியாது. தந்தையொருவன் நோயுற்ற மகனின் மருந்துக்காகக் கடன் படலாம். அக்கடனைப் பின்னாளில் அம்மகனே அடைத்தாலும் அதில் அநீதி இல்லை. பள்ளி கட்டவும் பாலம் கட்டவும் அரசு பட்ட கடன், அப்பள்ளியோடும் பாலத்தோடும் சேர்ந்தே அடுத்த தலைமுறையின் கைக்குப் போகின்றது. ஆனால், விருந்து வைத்து உண்டுவிட்டு அச்செலவை மகன் பெயரில் எழுதி வைக்கும் தந்தையை ஊர் எவ்வாறு பேசும்? எரிந்த பெட்ரோல் எதையும் விட்டுச் செல்வதில்லை, புகையைத் தவிர. அதே வேளையில், எரிபொருள் விலை ஏறினால் அரிசி விலையும் ஏறும், மீன் விலையும் ஏறும். அந்நிலையில் கடன் பட்டேனும் விலையைத் தாங்கிப் பிடிப்பது விருந்தா, மருந்தா என்று தீர்மானிப்பது எளிதன்று. பட்டிமன்ற மேடைகளில் 'நன்மையே', 'தீமையே' என்று இரு கூறாகப் பிரித்துவிடுவதுபோல் இதைப் பிரித்துவிட முடியாது.

மருந்தென்றால் அதற்கொரு கால அளவு இருக்க வேண்டும். உக்ரேன் போர் மூண்ட 2022ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியா லிட்டருக்கு 44.2 சென்ட்டாக இருந்த வரியைப் பாதியாக்கியது. ஆறு மாதமென்று சொல்லப்பட்டது; இடையில் தேர்தல் வந்து ஆட்சியே மாறியது; எனினும் செப்டம்பர் இறுதியில் புதிய அரசு முழு வரியையும் மீட்டது. பிரிட்டனும் அதே மார்ச் மாதத்தில் ஓராண்டுக்கென்று லிட்டருக்கு 5 பென்ஸ் குறைத்தது. அந்த ஓராண்டு ஆண்டுதோறும் நீண்டு, 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலும் மறுபடி நீட்டிக்கப்பட்டது.

மலேசியாவின் நிலைமை சற்றே வேறுபட்டது. இங்கு வாதம் வரியைச் சுற்றி எழுந்ததைவிட மானியத்தைச் சுற்றி எழுந்ததே மிகுதி. வாங்க வேண்டியதை விட்டுக்கொடுப்பதும் கையிலிருந்து எடுத்துக் கொடுப்பதும் கருவூலத்துக்கு ஒன்றுதான். இந்நாட்டில் இரண்டுமே நிகழ்ந்தன. எண்ணெய் வளமுள்ள நாட்டில் மலிவான பெட்ரோல் மக்களின் பிறப்புரிமை என்னும் எண்ணம் வேரூன்றியது. 2008 ஜூன் 5ஆம் நாள் பெட்ரோல் விலை 1 வெள்ளி 92 காசிலிருந்து 2 வெள்ளி 70 காசாக ஒரே இரவில் ஏறியபோது அவ்வேர் ஆட்டங் கண்டது. முந்திய நாள் மாலை பெட்ரோல் நிலையங்களில் வாகனங்கள் நீண்ட வரிசையில் நின்றன. ஈடாக, 2,000 சிசிக்கு மேற்படாத மகிழுந்துகளுக்கு 625 வெள்ளியும் 250 சிசிக்கு மேற்படாத மோட்டார் சைக்கிள்களுக்கு 150 வெள்ளியும் ஆண்டுக்குக் கொடுக்கப்பட்டன. மகிழுந்து வைத்திருப்பவனுக்கு மோட்டார் சைக்கிள்காரனைவிட நான்கு மடங்கு; பேருந்துக்குக் காத்து நிற்கும் கிழவிக்கு அத்திட்டத்தில் ஒன்றுமில்லை.

லிட்டர் கணக்கில் கொடுக்கும் கொடையின் இயல்பே இதுதான். அது பசியின் அளவைப் பார்ப்பதில்லை, தொட்டியின் அளவைப் பார்க்கின்றது. மூன்று மகிழுந்து நிற்கும் வீட்டுக்கு மூன்று பங்கு. ஆனால், இக்கூற்றோடு நிறுத்திவிடுவோர் பாதி உண்மையையே காண்கின்றனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போன பின்னர், பால்மரக் காட்டை விட்டு நகர விளிம்புகளில் குடியேறிய குடும்பங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். தொழிற்சாலை ஒரு மூலையில், வீடு மற்றொரு மூலையில். இரவு வேலை முடியும் நேரத்தில் பேருந்து இல்லை. அங்கே மோட்டார் சைக்கிள் ஆடம்பரமன்று; அது இல்லையேல் வேலை இல்லை. செல்வன் பெறும் தொகை பெரிதாயினும் அவன் வருவாயில் அது துளி. தொழிலாளி பெறும் தொகை சிறிதாயினும் அவன் வருவாயில் அது பெரும்பங்கு. ஆகவே, மானியம் செல்வருக்கே பயன்படுகின்றது என்று சொல்லி அதை ஒரே வெட்டாக வெட்டினால், முதலில் வலிப்பது ஏழைக்குத்தான். நாளைய தலைமுறையின் பெயரால் இன்றைய ஏழையை வருத்துவதும் அறமாகாது. பிறவாத குழந்தையைக் காக்கப் பிறந்த குழந்தையின் பாலை நிறுத்துவதற்கு ஒப்பாகும் அது.

அண்மை ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்ட மாற்றங்களை இந்த இக்கட்டை உணர்ந்து எடுக்கப்பட்ட முயற்சிகளாகக் கொள்ளலாம். 2022ஆம் ஆண்டில் கூட்டரசின் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 விழுக்காட்டையும் தாண்டியிருந்தது. 2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்பத்தில் டீசல் விலை 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாயிற்று. தகுதி பெற்ற சிறு விவசாயிகளுக்கும் டீசல் வாகன உரிமையாளர்களுக்கும் மாதம் 200 வெள்ளி ரொக்கமாகக் கிடைத்தது. 2025 செப்டம்பர் இறுதியில் ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் குடிமக்களுக்கு மாதம் 300 லிட்டர் வரை பெட்ரோல் 1 வெள்ளி 99 காசு என்றும், மற்றவர்க்கு 2 வெள்ளி 60 காசு என்றும் வகுக்கப்பட்டது. தொட்டிக்கு ஓர் எல்லை கிடைத்தது. எனினும் செல்வனும் அந்த 300 லிட்டரைப் பெற்றான். உரிமம் இல்லாத கிழவி அப்போதும் பேருந்துக்கே காத்திருந்தாள்.

2008இல் எதிரணி மேடைகளில், ஆட்சி கிடைத்தால் எரிபொருள் விலையைக் குறைப்போம் என்ற வாக்குறுதி முழங்கியது. அவ்வணியில் நின்றோர் பலர் பின்னர் அரசுப் பொறுப்பேற்று, பற்றாக்குறையின் பெயரால் மானியத்தைச் சுருக்க நேர்ந்தது. இடம் மாறியதும் மொழி மாறியது. இது எந்த ஓர் அணிக்கும் தனிச் சொத்தன்று. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கூட, எதிர்வரிசையில் இருக்கும்போது பற்றாக்குறையைப் பாவமென்று பேசியோர் ஆளும் வரிசைக்கு வந்ததும் அதற்கு வேறு பெயர் சூட்டியதுண்டு. சிக்கனம் என்னும் சொல் இவ்வாறு பகைவனை அடிக்கும் தடியாக மட்டும் பயன்படும்போது, அச்சொல்லை மெய்யாகவே நம்பிப் பேசுபவனின் குரலும் செவியில் ஏறாமல் போகின்றது. அரசியல்வாதியை மட்டும் குறை கூறிப் பயனில்லை. விலை குறைந்த நாளில் எப்படிக் குறைந்ததென்று கேளாத குடிமகன், விலை ஏறிய நாளில் மட்டும் கணக்குக் கேட்கின்றான்.

மலேசிய நாடாளுமன்றம் 2023ஆம் ஆண்டில் பொது நிதி, நிதிப் பொறுப்புடைமைச் சட்டத்தை நிறைவேற்றியது. பற்றாக்குறை உள்நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காட்டுக்கு மேற்படாத நிலையை எட்ட வேண்டும் என்பதும், கடனளவு 60 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பதும் அதன் இலக்குகளில் அடங்கும். பேரிடர் போன்ற சூழலில் அவ்விலக்குகளினின்று விலக நேர்ந்தால், நிதியமைச்சர் அதற்கான காரணத்தை மக்களவையில் எடுத்துரைக்க வேண்டும். அக்காரணத்தைக் கேட்க அவையில் அமர்ந்திருப்போர் அனைவரும் இன்றைய வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். முப்பதாண்டுப் பத்திரம் முதிரும் நாளில் அதற்காக வரி கொடுக்கப்போகும் பலர், இன்று முதலாம் ஆண்டு வகுப்பில் அகரம் எழுதிக்கொண்டிருக்கின்றனர்.